மேலே இருப்பவர் மூத்தவர்

இறந்தவர்களை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். இதைச் சொல்லக் கூச்சப்பட்ட காலம் போய்விட்டது. கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட, மதில் சூழ்ந்த ஒரு வளவுக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தொழிற்சாலை. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கானர், கரகரவென்று சுற்றும் ஒரு மேசை விசிறி. அங்கே இருந்துகொண்டு நினைவு மலர் செய்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவரைப் பற்றி ஒரு புத்தகம் வந்துவிட வேண்டும். அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவழி. காலமானவர் உயிரோடு இருந்தபோது ஒரு புத்தகத்தையும் திறந்து பார்க்காதவராக இருக்கலாம், அது வேறு விஷயம். அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களின் கையில் ஒரு மலரைக் கொடுக்காவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாழ்க்கை வரலாறு எனக்குச் சுலபம். எல்லோரும் அன்பும் பண்பும் நிறைந்தவர்கள்தான். இத்தனை வருடத்தில் ஒரு கோபக்காரர்கூட என் கையால் காலமாகவில்லை. ஆனால் வம்சாவழி விளையாட்டில்லை. மேலே பூட்டன், அவருக்குக் கீழே பாட்டன், அவருக்குக் கீழே தகப்பன், பிறகு பிள்ளைகள். ஒரே வரிசையில் என்றால் இடது கைப்பக்கம் மூத்தவர். காலமானவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்'. ஒரு கோடு பிசகினால் சகோதரங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒழுங்கு என் கண்ணில் எப்படி ஊறிப்போனது என்றால், எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் மேலே இருப்பது மூத்தது, கீழே இருப்பது இளையது என்றே எனக்குத் தோன்றும்.

அந்த மாதம் அரியாலையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. களப்பில் இறால் பிடித்து வாழ்ந்த ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய தம்பி ஒரு அப்பியாசக் கொப்பியில் எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு வந்து தந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. காலமானவருக்கு நான்கு பிள்ளைகள், மூன்று ஆண், கடைசி பெண். மூன்றாவது மகனின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார். அவர் அருகில் இருந்தபடியே நான் தட்டெழுதி முடித்ததும் கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அதில் வேறு கணக்கு வழக்குகளும் இருந்தன போலும்.

இரண்டு நாள் கழித்து காலமானவரின் மனைவி வந்தார். தனியாக, பஸ்ஸில், வெயிலில். துக்கம் நடந்த வீட்டுப் பெண் முப்பத்தொன்று முடியும் முன் இப்படி வெளிக்கிட்டு வருவது வழக்கமில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"பிள்ளை, என்ரை மூண்டாமவனுக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போட்டிருக்கினமாம். போடாதேங்கோ."

மகன் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவன். அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. அந்தப் படகில் போன வேறு ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை.

"கடல் எடுத்தால் ஏதாவது ஒண்டைத் திருப்பித் தரும். நான் கடற்கரையிலை பிறந்து வளர்ந்தனான், எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சட்டைகூட வரேல்லை" என்றார். "மனுசன் இருக்கேக்கை வீட்டிலை ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்ல விடேல்லை. இப்ப அவற்றை புத்தகத்திலையே அதைப் போட்டால் நான் என்னெண்டு பார்க்கிறது?"

"போடமாட்டன் அம்மா" என்றேன். அவர் கண்முன்னாலேயே அந்தச் சொல்லை அழித்துக் காட்டினேன். திரையில் அது போன இடத்தைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் கதிரையில் இருந்தார், தண்ணீர் கேட்டார்.

இனிக் கணினியின் கதைக்கு வருகிறேன். அதில் லினக்ஸ் போட்டுத் தந்தது நோர்வேயில் இருக்கும் என் தம்பி. முன்பு இருந்த விண்டோஸ் கள்ளப் பிரதியில் மாதத்துக்கு ஒருமுறை வைரஸ் புகுந்து மலர்களைத் தின்றது. லீவில் வந்தவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் துடைத்து லினக்ஸ் போட்டான். டிஸ்க் முழுவதற்கும் ஒரு கடவுச்சொல் பூட்டும் போட்டான். "இனி உன்னட்டை ஒரு வைரசும் வராது அக்கா" என்றான். உண்மைதான், வரவில்லை. வந்தது வேறு.

கணினி கண்விழிக்கும்போது முதலில் எழும்பி மற்றவற்றை எழுப்புகிற பகுதிக்குக் கர்னல் என்று பெயராம். அது பூட் என்கிற ஒரு சின்னப் பகுதிக்குள் இருக்கும். லினக்ஸ் கொஞ்ச நாளைக்கு ஒருதரம் புதிய கர்னல் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைக்கும். பழையது தானாகப் போகவேண்டும், ஆனால் எப்போதும் போகாது. இடம் நிரம்பினால் புதியது பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றுவிடும். இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து, பூட் பகுதியில் இடமில்லை என்று சொல்லும் என்பதுதான். நான் அதை மூடிவிடுவேன். அது மறுபடி வரும். மூன்று மாதம் இப்படியே நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம்.

தம்பியிடம் சொல்லியிருந்தேன். அவன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, பூட் பகுதிக்குள்ளை ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு பெரிய ஃபைல் இருக்கும். பழசைக் கையாலை அழி. புதுசையும் அதுக்கு முந்தினதையும் தொடாதை. அழிச்ச பிறகு நான் எழுதி அனுப்பின ரெண்டாவது வரியை அடி, பாதியிலை நிண்டது முழுசாகும். அதுக்குப் பிறகுதான் ரீஸ்ராட். விளங்கிச்சுதே?" விளங்கியது. வேலை வந்தது, மறந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் முந்திய காலை. மறுநாள் போயா விடுமுறை, அச்சகம் பூட்டு. அச்சகத்து அண்ணை யாழ்ப்பாணம் சந்தைக்குப் பின்னால் இருக்கிறார். அன்று மதியம் இரண்டு மணிக்குள் கோப்பு வந்தால்தான் இரவுக்குள் அடிக்கலாம் என்று திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். அட்டையையும் தேவாரத்தையும் முன்பே அனுப்பியிருந்தேன். வாழ்க்கை வரலாறும் வம்சாவழியும்தான் என்னிடம். எல்லாம் முடிந்துவிட்டது. பிடிஎஃப் எடுத்து அனுப்புவதுதான் மிச்சம், ஐந்து நிமிட வேலை. மூன்றாவது மகனின் பெட்டியை ஒருதரம் பார்த்தேன். பெயர் மட்டும், தனியாக, சுத்தமாக இருந்தது.

அப்போது அந்தச் சிவப்புப் பெட்டி வந்தது. சரியாக வம்சாவழிக்கு மேலே. மூடினேன். வந்தது. மூடினேன். வந்தது. எனக்கு விசர் பிடித்தது. உன்னை இண்டைக்கு ஒரு வழி பண்ணுறன் என்று வாய்விட்டே சொன்னேன்.

முதலில் பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டுப் பிறகு அதனோடு சண்டை பிடித்திருக்கலாம். ஒரு பென்டிரைவிலாவது பிரதி எடுத்திருக்கலாம். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஐந்து நிமிடம். ஆனால் கோபம் வந்தால் எனக்கு ஐந்து நிமிடம் நீண்ட நேரம். பிறந்ததில் இருந்து இப்படித்தான்.

குரல் செய்தியைத் திரும்பக் கேட்டேன். அவன் எழுதியனுப்பிய முதல் வரியை அடித்தேன். பூட் பகுதிக்குள் இருந்த மூன்று பெரிய கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. நீளமான ஆங்கிலப் பெயர்கள், முடிவில் எண்கள். முதலாவது 6.11. இரண்டாவது 6.14. மூன்றாவது 6.8.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மேலே இருப்பவர் மூத்தவர். கீழே இருப்பவர் கடைக்குட்டி. எண்ணையும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆறு தசம் ஒன்று ஒன்று, ஆறு தசம் ஒன்று நான்கு, ஆறு தசம் எட்டு. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குப்படி ஏறுவரிசை. மூத்தது 6.11, அது போகட்டும். கடைக்குட்டியும் அதற்கு முந்தியதும் இருக்கட்டும். அந்தக் கோப்பை அழிக்கும்படி அடித்தேன். "நிச்சயமா?" என்று அது கேட்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்ப் பேசாமல் நின்றது.

இடம் வந்துவிட்டது. சிவப்புப் பெட்டி வரவில்லை. பத்து நிமிடம் நான் மகா கெட்டிக்காரி. அந்தப் பெருமையில் இரண்டாவது வரி மறந்தே போனது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி, மோட்டர், கைபேசி எது மக்கர் பண்ணினாலும் நிறுத்திப் போடுவதுதான் வைத்தியம். ரீஸ்ராட் கொடுத்தேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. கடைசி வரியில் 'பானிக்' என்று ஒரு ஆங்கிலச் சொல். அதற்குப் பொருள் எனக்குத் தெரியும். கணினியும் நானும் முதல்முறையாக ஒரே மனநிலையில் இருந்தோம்.

நிறுத்திப் போட்டேன். அதே வரி. தொடக்கத்தில் வந்த பட்டியலில் இருந்த கர்னல்களை மாறி மாறித் தெரிவுசெய்து பார்த்தேன். அதே வரி. தம்பிக்கு எடுத்தேன். அவன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், உள்ளே போகும்போது கைபேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மணி மட்டும் அடித்தது. பத்துத் தரம் எடுத்தேன். பதினோராவது தரம் எடுக்கும்போது எதற்காக எடுக்கிறேன் என்றே தெரியவில்லை. 

மடிக்கணினியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் கணினி திருத்தும் ஒருவர் இருக்கிறார், என் வயதுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இது லினக்ஸ் எல்லோ?"

"ஓம்."

"நான் உதிலை கை வைக்கிறேல்லை. ஃபோமட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறன். ஒரு மணித்தியாலம்."

"அப்ப உள்ளுக்கு இருக்கிறதுகள்?"

"அது போயிடும்."

"டிஸ்க்கைக் கழட்டி உங்கடை மெஷினிலை போட்டுப் பார்க்கேலாதே?"

நல்ல மனிதர், கழற்றிப் போட்டும் பார்த்தார். அவருடைய கணினி அந்த டிஸ்க்கைக் கண்டுகொண்டது, ஆனால் உள்ளே இருப்பதை வாசிக்கத் தெரியவில்லை. "இதை ஃபோமட் பண்ணவா?" என்று மட்டும் பணிவாகக் கேட்டது. கள்ளன் வரக்கூடாதென்று தம்பி போட்ட பூட்டு. கடவுச்சொல் எனக்கு மனப்பாடம், ஆனால் அதைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. வாழ்க்கை வரலாறு, நான்கு பிள்ளைகள், சொல் நீக்கிய அந்தப் பெட்டி. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. நான்தான் வெளியே நின்றேன்.  டிஸ்க்கைத் திரும்ப மடிக்கணினிக்குள் போட்டுத் தரச் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு அச்சகத்து அண்ணையே எடுத்தார்.

"தங்கச்சி, இன்னும் வரேல்லை."

நடந்ததைச் சொன்னேன். கர்னல், பூட் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அவருடைய 'ம்' போட்ட விதத்தில் தெரிந்தது.

"கையெழுத்துப் பிரதி இருக்கே?"

"கொப்பி அவையளிட்டை இருக்கு."

"அப்ப கொண்டுவரச் சொல்லுங்கோ. இஞ்சை இருந்து அடிக்கிறம். வேறை வழி இல்லை."

வேறு வழி இல்லைதான். ஆனால் அந்தக் கொப்பியில் அந்தச் சொல் இருந்தது, கீழே கோடும் இழுத்து. காலமானவரின் தம்பிக்கு எடுத்தேன். கொப்பியோடு மோட்டார் சைக்கிளில் உடனே வெளிக்கிடுவதாகச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி மூன்றாவது மகனின் விஷயத்தைச் சொன்னேன். 

"பிள்ளை, நான் என்ன ஆசையிலையே எழுதினனான்? என்ரை தோளிலை வளந்த பொடியன். பன்னிரண்டு வருசம் சனம் கேட்குது, நாங்கள் என்னத்தைச் சொல்லுறது? ஒரு முடிவு வேண்டாமே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணி சொன்னதை நீங்கள் சொல்லுறியள். நான் எழுதினதை எழுதிப்போட்டன். நீங்களே அச்சகத்துக்காரரோடை கதையுங்கோ" என்றார்.

கதைத்தேன். பின்னால் அச்சு இயந்திரம் இரைந்தது. நான் கிட்டத்தட்டக் கத்தினேன். மூன்றாவது மகனுக்கு முன்னால் அமரர் என்று இருக்கும், போட வேண்டாம், தாய்க்கு விருப்பமில்லை, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று. "ஓம் தங்கச்சி, விளங்குது, நான் பார்க்கிறன்" என்றார். நேரில் போயிருக்கலாம். நடந்தால் பத்து நிமிடத் தூரம். ஆனால் கடைக்காரர் அப்போதுதான் வேறு ஏதோ வழி இருப்பதாகச் சொல்லி எங்கேயோ ஒரு நண்பருக்கு எடுத்துக்கொண்டிருந்தார். திரை எழும்பிவிடும், எழும்பிவிடும் என்று நான் அதன் முன்னால் காவல் இருந்தேன். அந்த நண்பருக்கும் லினக்ஸ் தெரியாது.

நான்கு மணிக்கு அண்ணை வம்சாவழிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். "பார்த்து உடனே சொல்லுங்கோ, அச்சுக்குப் பிளேட் போடப் போறம்" என்று ஒரு குரல் செய்தியும் வந்தது. கடை வாசலில் வெயிலில் நின்று பார்த்தேன். என் கைபேசித் திரையில் ஒரு வெடிப்பு. படத்தைப் பெருப்பித்து, அமரர் என்ற சொல்லை மட்டும் தேடினேன். பூட்டனுக்கு இருந்தது. பாட்டன், பாட்டிக்கு இருந்தது. காலமானவருக்கு இருந்தது, அவருடைய தமக்கைக்கு இருந்தது. பிள்ளைகளின் வரிசையில் எங்கேயும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். இல்லவே இல்லை. "சரி அண்ணை, போடுங்கோ" என்று அனுப்பிவிட்டு அந்தப் படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். காலையில் இருந்து ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாலை தம்பி அழைத்தான். பட்டியலைப் படம் பிடித்திருந்தாயா என்று கேட்டான். இல்லை, வாயால் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு.

"அக்கா, அது தசம் இல்லை. எட்டாவது, பதினோராவது, பதினாலாவது எண்டு அர்த்தம். எட்டுத்தான் கிழடு. அது நான் எப்பவோ கழட்டின கர்னல், ஃபைல் மட்டும் போகாமல் கிடந்தது. வெறும் கோது. பதினாலு இடமில்லாமல் பாதியிலை நிண்டது. ஓடிக்கொண்டிருந்தது பதினொண்டு மட்டும்தான்."

"அப்ப ஏன் எட்டைக் கீழை போட்டது?"

"புள்ளிக்குப் பிறகு வாற முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும் அக்கா. ஒண்டுக்குப் பிறகுதானே எட்டு."

வயதைப் பார்க்காமல் முதல் எழுத்தைப் பார்த்து வரிசை கட்டுகிற ஒரு குடும்பத்தை நான் அதுவரை கண்டதில்லை. அவன் மேல் கத்தினேன்.  பிறகு ஒரு பென்டிரைவில் வேறு லினக்ஸ் இறக்கி, அதில் இருந்து கணினியை எழுப்பி, கடவுச்சொல் கொடுத்து டிஸ்க்கின் பூட்டைத் திறந்து, கர்னலைத் திரும்பப் போடலாம் என்றான். அதற்கு வேறு ஒரு கணினி வேண்டும், பெரிய கோப்பு இறக்க நல்ல இணைப்பு வேண்டும். எல்லாம் கூடி வர ஐந்து நாள் ஆனது. அவன் வீடியோவில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கணினி எழும்பியது. எல்லாம் நான் விட்ட இடத்தில் விட்டபடியே இருந்தன. ஆனால் அதற்குள் முப்பத்தோராம் நாள் முடிந்துவிட்டது.

அந்த முப்பத்தோராம் நாளுக்கு நான் போனேன். வழக்கமாகப் போவதில்லை. மலர் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அந்த அம்மா தொலைபேசியில் "கட்டாயம் வரவேணும் பிள்ளை" என்று சொல்லியிருந்தார். கீரிமலைக் கடற்கரையில் காரியம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். தறப்பாள் கட்டிய முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு மேசையில் மலர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டை நன்றாக வந்திருந்தது. காலமானவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா உள்ளறையில் பாயில் இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டார்.

"ஒருத்தரையும் எனக்குக் காட்ட விடேல்லை பிள்ளை. நீங்கள் வந்த பிறகு பார்ப்பம் எண்டு இருந்தனான். அந்தப் பக்கத்தை எடுத்துத் தாங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்துக்கொண்டு மேலே இருந்து இறங்கினார். கணவரின் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு பிள்ளைகளின் வரிசைக்கு வந்தது. மூத்தவன். இரண்டாமவன். மகள். அத்துடன் கோடு முடிந்தது. விரல் திரும்பப் போனது. மூத்தவன், இரண்டாமவன், மகள்.

"மூண்டாமவன் எங்கை, பிள்ளை?"

நானும் பார்த்தேன். மூன்று பெட்டிகள். நடுவில் இடைவெளிகூட இல்லை, ஒழுங்காக, சம தூரத்தில், அழகாக அமைத்திருந்தார்கள்.  ஒரு நிமிடம் பொறுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டு வளவின் பின்பக்கம் போய் அண்ணைக்கு எடுத்தேன்.

"அது தங்கச்சி, கொப்பியோடை வந்த சித்தப்பன்காரன் போடு எண்டு நிக்கிறார், நீங்கள் போடாதை எண்டு நிக்கிறியள். ரெண்டு பக்கமும் வில்லங்கம் எண்டால் அந்தப் பேரையே விட்டுடுறதுதானே வழக்கம்? உங்களுக்குத் தெரியாததே? படமும் அனுப்பினன், நீங்களும் சரி எண்டனீங்கள்."

எனக்குத் தெரியாததா? சொல்லாமல் ஓடிப்போய்க் கலியாணம் கட்டிய மகள்கள், காணிச் சண்டையில் பிரிந்த தம்பிமார், இப்படி எத்தனை பேரை நானே இந்தக் கையால் விட்டிருக்கிறேன். ஒரு பெட்டியை எடுத்துவிட்டு மற்றப் பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினால் போதும், இடைவெளி தெரியாது.  தொலைபேசியை வைத்தேன்.

திரும்பி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணினியில் இடம் இல்லாமல் போனதை, பழையதென்று நினைத்து ஓடிக்கொண்டிருந்ததை நான் அழித்ததை, கொப்பியை, வெயிலில் பார்த்த படத்தை. அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன் அம்மா, பெயர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடித்துத் தருகிறேன், என் செலவில் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே வாசலில் பந்தி முடிந்து எழும்பியவர்கள் மலரை வாங்கிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் மூன்று பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளுடைய பெட்டிக்கும் இரண்டாமவனுடைய பெட்டிக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"நீங்கள் அந்தச் சொல்லோடையே போட்டிருக்கலாம், பிள்ளை" என்றார். "செத்தவனாய் எண்டாலும் எனக்குப் பிள்ளையாய் இருந்திருப்பான்."